‘வீச்சு’ விளையாட்டும் வெட்டி எறிந்த நழுவலும்

வீடியோ கேம்களைச் சோதித்துப் பிழை சொல்லும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் சென்ற வாரம் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். “மேடம், நீங்கள் வேலை பார்த்த ‘வீச்சு’ என்ற சிலம்ப விளையாட்டை இப்போதுதான் பார்த்தேன். யாரும் கண்டுகொள்ளாமல் விட்ட பொக்கிஷம். எனக்கு அதில் ஒரு குறைகூடத் தெரியவில்லை.”

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. குறை தெரியவில்லை என்று சொல்வதற்கா உங்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்? அந்த விளையாட்டை வெளிவந்த நாளிலேயே குப்பை என்று தூக்கி எறிந்தவர்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் உண்டோ, இன்று அதைத் தலையில் வைத்து ஆடுகிறவர்கள் மேலும் அவ்வளவு கோபம் உண்டு. இரண்டு பேருமே அதை ஒழுங்காக விளையாடவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பொறுமை இருந்தால் படியுங்கள்.

சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டுக்காரர்களின் விளையாட்டுகளைச் சோதித்துச் சோதித்துச் சலித்துப்போன காலத்தில், கதிரவன் என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஊர்க்காரர். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் சின்ன ஸ்டுடியோ தொடங்கியிருந்தார். சிலம்பத்தை வைத்து ஒரு சண்டை விளையாட்டு. சோதனைப் பிரிவுக்கு நான் பொறுப்பு என்றார். பிரிவு என்றால் நானும் ஒரு நாற்காலியும்தான்.

முதலில் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். நிறையைச் சரியாகச் சொல்லத் தெரியாதவன் குறையையும் சரியாகச் சொல்ல மாட்டான்.

மற்ற சண்டை விளையாட்டுகளில் திரையின் மேலே உயிர் அளவைக் காட்டும் பட்டை ஒன்று இருக்கும். அடி விழ விழக் குறையும். ‘வீச்சு’ விளையாட்டில் அது கிடையாது. சிலம்பப் போட்டியில்போல, கம்பு எங்கே தொட்டது என்பதுதான் கணக்கு. கம்பின் நுனியில் சாம்பல் தடவியிருக்கும். தொட்ட இடத்தில் சட்டையில் கறை விழும். எதிராளியின் உடம்பைப் பார்த்துத்தான் யார் முன்னால் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பட்டனை அழுத்தியதும் கம்பு பாய்ந்துவிடாது. முதலில் மணிக்கட்டு திரும்பும், பிறகு தோள், அதற்குப் பிறகுதான் கம்பு. வீசிய வீச்சைப் பாதியில் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு வீச்சுக்கும் முன்னால் யோசிக்க வேண்டும். சத்தம் அதைவிட மேல். கம்போடு கம்பு நுனியில் மோதினால் ஒரு சத்தம், பிடிக்குப் பக்கத்தில் மோதினால் வேறு சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு விளையாடிப் பார்த்தேன். எதிராளி எவ்வளவு கிட்ட வந்துவிட்டான் என்று காது சொன்னது. இத்தனை வருட வேலையில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை. அது கதிரவனின் மூளை. அதை யாரும் மறுக்க முடியாது. அந்த மூளை இருந்தும் அவர் செய்த காரியத்தால்தான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

குறைகளா? கண்மாய்க்கரைக் களத்தில் ஒரு பனைமரம் திரையை மறைத்துக்கொண்டு நிற்கும். உங்களை யார் அடிக்கிறார்கள் என்றே தெரியாது. கதைப் பகுதியில் நாயகன் வாயைத் திறந்தால் மூடமாட்டான், அவன் பேச்சைத் தாண்டிப் போக வழியும் இல்லை. போனில் விளையாடினால் பட்டன்கள் எறும்பு அளவு. ஒரு களத்திலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வரலாம். இவையெல்லாம் எரிச்சல்கள். எரிச்சலால் ஒரு விளையாட்டு சாவதில்லை. செத்தது வேறொன்றால்.

அதைச் சொல்ல ரிஸ்வானாவைச் சொல்ல வேண்டும். அறந்தாங்கிப் பெண். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவுக்கு, அவள் பேச்சில் அத்தாவுக்கு, மஸ்கட்டில் வேலை. மாநில அளவில் சிலம்பத்தில் பரிசு வாங்கியவள். விளையாட்டில் வரும் அத்தனை பேருடைய அசைவுகளுக்கும், ஆண்களுடைய அசைவுகள் உட்பட, உடல் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, உடம்பெங்கும் சின்ன உருண்டைகள் ஒட்டிய உடையை மாட்டி, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் கம்பு சுற்ற, சுற்றிலும் வைத்த கேமராக்கள் அந்த அசைவுகளைப் பதிவு செய்தன.

ஒரு நாள் கதிரவன் அவளிடம் கேட்டார். “ஏம்மா, மூலையில ஒன்னைய ஒதுக்கிட்டாங்க, கால்ல அடிச்சு அடிச்சு எந்திரிக்க விட மாட்டேங்குறாங்கன்னா என்ன செய்வ?”

“அதுக்கு நழுவல் இருக்குல்ல சார்” என்றாள்.

“அது யாரு சொல்லிக் குடுத்தது?”

“யாரும் இல்ல. அடி வாங்கி வாங்கி நானே கண்டுபிடிச்சது.”

செய்து காட்டினாள். காலில் கீழ் வீச்சு விழுவதாக வைத்துக்கொண்டாள், ஆனால் எழுந்திருக்க முயலவில்லை. இன்னும் கீழே போனாள். கம்பை ஊன்றி, அதை அச்சாக வைத்து உடம்பைத் திருப்பி, எதிராளியின் முதுகுப்பக்கம் போய் எழுந்தாள். கதிரவன் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினார். “இதுதான் நம்ம கேமோட உயிர்” என்று அவர் வாயால் சொன்னதை நான் காதால் கேட்டேன்.

உயிர் என்று சொன்னதைத்தான் அவர் முதலில் வெட்டினார்.

அந்த அசைவைத் திரைக்குக் கொண்டுவருவது கடினமாக இருந்தது. கம்பு உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. அருள் என்ற புரோகிராமர் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நல்ல பையன், கறம்பக்குடிக்காரன். இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டான். ஆனால் விளையாட்டை வாங்கி வெளியிடப்போகும் கம்பெனி தீபாவளிக்கு முன் வந்தே ஆக வேண்டும் என்றது. “அந்த நழுவலத் தூக்கிரு, பின்னாடி பாத்துக்கலாம்” என்று கதிரவன் சொன்னார். அருள் தூக்கினான். எங்கள் தொழிலில் ‘பின்னாடி’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நீங்கள் சீக்கிரமே கற்றுக்கொள்வீர்கள்.

அடுத்து வந்த பதிப்பை நான் அலுவலகக் கணக்குப் பார்க்கும் பெண்ணோடு விளையாடினேன். வேண்டுமென்றேதான். விளையாடவே தெரியாதவர்கள்தான் தெரிந்தவர்கள் போகாத இடத்துக்குப் போவார்கள். அவள் அதுவரை பட்டன்கள் வைத்த இந்த விளையாட்டுக் கருவியைக் கையில் தொட்டதில்லை. என்னைக் கல்சுவர் மூலைக்குத் தள்ளி, கீழ் வீச்சுப் பட்டனை மட்டும் அழுத்தினாள். விழுந்தேன். எழுவதற்குள் மறுபடி அடி. மறுபடி விழுந்தேன். என்ன செய்தும் வெளியே வர வழியில்லை. ஆட்டம் முடிந்தது. அடுத்த ஆட்டமும் அப்படியே.

“என்னங்கக்கா, இம்புட்டு ஈசியா இருக்கு?” என்று சிரித்தாள்.

மணிக்கட்டின் திருப்பமும் கம்பின் கனமும் சத்தமும் எல்லாமே வீண். ஒற்றைப் பட்டன் போதும்.

கதிரவனிடம் போனேன். அவர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மூலையில மாட்டுனா தோக்கத்தாங்க வேணும். அதான் சிலம்பம்.”

“மாட்டுனா தோக்கணும்னா அந்தப் பொண்ணு எதுக்கு நழுவல் போட்டுக் காட்டுச்சு?”

“அது இல்லாமலும் ஆடுறவங்க இருக்காங்க. இது நாமளா வெச்சதுன்னு ரிப்போர்ட்டுல போட்டுருங்க. பை டிசைன்.”

இந்தச் சொல்லைக் கவனியுங்கள். பிழை என்று நாம் சொல்வதை ‘வேண்டுமென்றே அப்படித்தான் செய்தோம்’ என்று மாற்றிப் போடும் சொல். நேர்மையாகப் பயன்படும் இடங்களும் உண்டு. கம்பு மெதுவாகக் கிளம்புகிறது என்று யாராவது குறை சொன்னால், அது வேண்டுமென்றே வைத்ததுதான், உண்மை. ஆனால் இது பயத்தில் வந்த சொல். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தான் சொல்வதை அவரே நம்பவில்லை.

“போட மாட்டேன் சார்” என்றேன்.

மறுநாள் வீடியோ அழைப்பில் வெளியீட்டுக் கம்பெனிக்காரர் நேராக என்னிடமே கேட்டார், மூலையில் நடப்பது பிழையா, திட்டமா என்று. மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அருள் தரையைப் பார்த்தான். கணக்குப் பெண் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் அந்த மாதச் சம்பளம் இந்த வெளியீட்டை நம்பித்தான். எனக்கும் அப்படித்தான்.

“பிழை. பெரிய பிழை. இதோட வெளியிட்டா ஒரு வாரம் தாங்காது” என்றேன்.

கதிரவன் குறுக்கே வந்தார். “அவங்க டிசைன் ஆளு இல்ல சார். எல்லாத்தையும் பிழைன்னுதான் பாப்பாங்க, அதானே அவங்க வேல. இது நாங்க தெரிஞ்சு வெச்சது.”

கம்பெனிக்காரருக்கு அந்தப் பதில்தான் தேவைப்பட்டது. “குட்” என்று சொல்லிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தார். அத்தோடு முடிந்தது.

நீங்கள் கேட்கலாம்: பிறகு எதற்கு மாட்டேன் என்று சொன்னீர்கள், அதனால் என்ன நின்றது? ஒன்றும் நிற்கவில்லை. நாம் சொல்லும் ‘கூடாது’ பூட்டு அல்ல. தாண்டிப் போகிறவர்கள் போவார்கள். ஆனால் அவர்கள் தாண்டுவதற்கு நாமே குனிந்து முதுகைக் கொடுக்கக் கூடாது. அன்று நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால், அதற்குப் பிறகு ரிஸ்வானாவின் முகத்தைப் பார்க்க எனக்கு யோக்கியதை இருந்திருக்காது.

வெளியீட்டு விழாவைப் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி அரங்கில் வைத்தார்கள். ரிஸ்வானாவை மேடையில் உட்கார வைத்து, மாணவர்களில் ஒருவனோடு விளையாட வைப்பது என்று ஏற்பாடு. நான் கதிரவனை அரங்கின் வாசலிலேயே மறித்தேன்.

“அந்தப் பொண்ண ஆட விடாதீங்க. பேச மட்டும் விடுங்க. பசங்க காலையிலேருந்து போன்ல ஆடிக்கிட்டு இருக்காங்க. மூலையக் கண்டுபிடிச்சிருப்பாங்க.”

“சும்மா இருங்க. நல்ல நாள் அதுவுமா...” என்று நகர்ந்துவிட்டார்.

மூலையை அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த மாணவன் அவளைச் சுவரோரம் தள்ளினான். ஒற்றைப் பட்டன். பெரிய திரையில் அவளுடைய உருவமே விழுந்து, எழப் பார்த்து, விழுந்து, எழப் பார்த்து, விழுந்தது. சட்டையெல்லாம் சாம்பல். அரங்கமே சிரித்தது. “கேம்ல இருக்கறதே அந்தப் பொண்ணுதான்டா, அதுவே தோக்குது!” என்று யாரோ ஒருவன் பின்னாலிருந்து கத்தினான்.

ரிஸ்வானா கருவியைக் கீழே வைத்தாள். கதிரவனைப் பார்த்துக் கேட்டாள். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

“சார், நழுவல் எங்க?”

அவர் சிரித்து மழுப்பினார். அத்தோடு விட்டிருந்தாலும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. மைக்கை வாங்கி, “நிஜச் சிலம்பம் வேற, கேம் வேற. தங்கச்சி எங்களுக்குக் குடுத்த அசைவுகள்ள கொஞ்சம் போதாமதான் இருந்துச்சு. அடுத்த பாகத்துல பெரிய ஆளுங்கள வெச்சு சரி பண்ணிருவோம்” என்றார்.

அவளுடைய முகம் ரத்தம் சுண்டி வெளுத்தது. அறந்தாங்கியிலிருந்து அவளுடைய அம்மாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகளையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். இப்போது நான் வாயைத் திறந்தால் விளையாட்டு முதல் நாளே சாகும். அருள், கணக்குப் பெண், ஓவியம் வரைந்த பிள்ளைகள் எல்லோருடைய உழைப்பும் போகும். திறக்காவிட்டால் ஒரு பெண் தன் சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் ஒன்றும் தெரியாதவளாக வீட்டுக்குப் போவாள். விளையாட்டுக்கு இன்னொரு பதிப்பு போடலாம். இவளுக்கு இந்த அரங்கத்தை இன்னொரு முறை கூட்ட முடியாது. மேடை ஏறினேன்.

“நான்தான் இந்த விளையாட்டச் சோதிச்ச ஆளு. மூலையில இருக்கறது எங்க பிழை. அதுலேருந்து வெளிய வர்ற அசைவ இவங்க செஞ்சு காட்டிட்டாங்க. நாங்கதான் அவசரத்துல அத எடுத்துட்டோம். இவங்ககிட்ட ஒரு குறையும் இல்ல.”

ஒரு மாணவன் எழுந்து, “அப்ப இங்கனயே செஞ்சு காட்டச் சொல்லுங்க!” என்றான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அலங்காரத்துக்காக மேடையில் ஒரு கம்பு சாத்தியிருந்தது. எல்லாருடைய கண்ணும் அதன் மேல். எனக்கும்கூட ஒரு கணம், எடு பிள்ளே, காட்டு என்றிருந்தது.

ரிஸ்வானா கம்பைத் தொடவில்லை.

“நான் எதுக்கு மறுபடி செய்யணும்? ஒருதடவ செஞ்சு குடுத்தாச்சு. அது இவங்ககிட்டதான் இருக்கு. இவங்களக் காட்டச் சொல்லுங்க.”

இறங்கிப் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தாள். “போறோம்க்கா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று என்னிடம் மட்டும் சொன்னாள். அவள் கம்பை எடுத்திருந்தால் எல்லோரும் கைதட்டியிருப்பார்கள், தப்பு செய்தவர்களும் சேர்ந்து தட்டித் தப்பித்திருப்பார்கள். அவள் எங்களைத் தப்பிக்க விடவில்லை.

மாடிக்குத் திரும்பியதும் கதிரவன் சொன்னது ஒரே வாக்கியம். “நாளையிலேருந்து வர வேணாம்.” சரி என்று என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

விமர்சனங்கள் வந்தன. ‘ஒரு பட்டன் போதும்’ என்றார்கள். அது உண்மை, அதற்கு நான் கோபப்படவில்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்ததும் விளையாட்டை மூடிவிட்டு எழுதியவர்கள்தான் அதிகம். கம்பின் சத்தத்தை ஒருவர்கூடக் கேட்கவில்லை. சாம்பல் கறையை அழகுக்கு வைத்தது என்று ஒருவர் எழுதினார். சிலம்பத்தில் ஆழம் இல்லை, அதனால்தான் விளையாட்டிலும் இல்லை என்று இன்னொருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். ஒரு சுவர் மூலையைப் பார்த்துவிட்டு ஒரு கலையையே எடைபோட இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? பிழை சொல்வது வேறு, பிழையைக் கண்டதும் மிச்சத்தைப் பார்க்காமல் ஓடுவது வேறு. இரண்டாவது சோம்பேறித்தனம். உங்களில் சிலரிடமும் அது இருக்கிறது. உங்கள் அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

தீபாவளி விடுமுறை முடிந்து அருள் என் வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசல் கேட்டிலேயே நின்றான்.

“அக்கா, நழுவல உள்ள வெச்சுட்டேன். கம்பு இப்ப ஒடம்புக்குள்ள போகல. சார்கிட்ட சொன்னேன். ‘ஏத்தி விட்டுரு’ன்னு மட்டும் சொன்னாரு. எல்லாருக்கும் அப்டேட் போயிருச்சு.”

“அன்னைக்கே செஞ்சிருந்தா?” என்று கேட்டேன். வேண்டுமென்றுதான் கேட்டேன். நல்ல பிள்ளைதான். ஆனால் நல்ல பிள்ளைகள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால்தான் அன்று அந்த அழைப்பு அப்படி முடிந்தது. நீங்களும் நல்ல பிள்ளைகள்தான், அதனால் சொல்கிறேன்.

அப்போது விளையாடியவர்களோ விமர்சனம் எழுதியவர்களோ யாரும் அந்தப் பதிப்பைத் திரும்பி வந்து பார்க்கவில்லை. போனவர்கள் போனவர்கள்தான்.

அடுத்த வாரம் அந்தப் புதிய பதிப்பை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினேன். ரிஸ்வானா கதவைத் திறந்தாள். வாங்கக்கா என்றாள், அவளுடைய அம்மா டீ கொடுத்தார், ஆனால் லேப்டாப்பைத் திறந்ததும் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எனக்கு வேணாம்க்கா. அத்தா போன்ல கேக்குறாங்க, என்னம்மா, விழாவுல எடுத்ததுன்னு ஒன்னையப் பத்தி என்னமோ வீடியோ வருதுன்னு. நான் என்ன சொல்றது?”

“ஆட வேணாம். பிழை இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு. எனக்கு இப்ப வேலையில்ல, ஆனா தெரிஞ்சுக்கணும்.”

லேப்டாப்பை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு கருவியை வாங்கினாள். நான் அவளை மூலைக்குத் தள்ளினேன். கீழ் வீச்சு அடித்தேன், சற்றும் இரக்கமில்லாமல். அவள் இன்னும் கீழே போனாள். கம்பு ஊன்றியது, உடம்பு திரும்பியது, என் முதுகுக்குப் பின்னால் எழுந்தாள். என் தோளில் சாம்பல் விழுந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, “அட, நம்ம புள்ள மாதிரியே இருக்கே” என்றார்.

ரிஸ்வானா சிரிக்கவில்லை. மறுபடி செய்தாள். மறுபடி. தலையைச் சாய்த்து ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டுபோனாள்.

“என்னக்கா இது? நான் திரும்பும்போது ஜல்லுங்குது.”

கேட்டேன். ஆமாம். கொலுசு. அப்டேட்டோடு சேர்த்து வெளியீட்டுக் கம்பெனி புதிதாகப் போட்டு அனுப்பிய ஒலி. எங்கேயோ உட்கார்ந்திருந்த ஒருவன், பெண் என்றால் கொலுசு என்று முடிவு செய்திருக்கிறான். ஆண் உருவத்துக்கு அந்தச் சத்தம் இல்லை. அசைவு அதேதான், ஆள் அதே ஆள்தான்.

“கொலுசு போட்டுக்கிட்டு யாருக்கா கம்பு சுத்துவா? வர்றேன் வர்றேன்னு எதிராளிக்கு நானே சொல்லிக் குடுக்கவா?” அவளுடைய குரல் நடுங்கியது. மேடையில்கூட அது நடுங்கவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அங்கேயே உட்கார்ந்து அருளுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவன் பெருமூச்சு விட்டான்.

“அக்கா, கேமே முடிஞ்சு போச்சு. இனிமே இத யாருக்கா ஆடப் போறா?”

“ஒருத்தி ஆடிக்கிட்டு இருக்கா. கொலுச எடு.”